மூன்றாம் எண் கூண்டு

நவம்பர் 24, ஹேவ்லாக், அந்தமான்

காலையில் வானம் சுத்தமாக இருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் கரையில் அலை நீளமாக, இடைவெளி விட்டு விட்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. புயல் எங்கோ தூரத்தில் உருவாகும்போதே அதன் அலை இந்தத் தீவுக்கு வந்துவிடும். மழையும் காற்றும் பிறகுதான். என் வீட்டுக்காரருக்கு அது தெரியாததல்ல. "மேல சும்மா கெடக்கு. கீழ எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று, டைவிங்குக்காக எங்கள் கடைக்கு வந்திருந்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு இவர் கடலுக்குப் போனார்.

கீழே தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்ததாம். அந்த ஆழத்திலும் அலை ஆளை முன்னும் பின்னும் தள்ளியிருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி பயந்து கைகாலை உதறி, பாறைச் சரிவில் மளமளவென்று கீழே போய்விட்டாள். இவர் தலைகீழாகப் பாய்ந்து அவளைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அவளுக்கு ஒன்றுமில்லை. மதியம் இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

இவர் போட்டில் ஏறியதும் வாந்தியெடுத்ததை தாட்சாயணிதான் சொன்னாள். எங்களிடம் பயிற்சியாளராக இருக்கும் பெண், வியாசர்பாடிக்காரி.

"சாருக்கு இன்னாவோ ஆயிடுச்சுக்கா. ஏணி ஏற சொல்லோ காலே நிக்கல."

இவரிடம் கேட்டேன். "உப்புத்தண்ணி உள்ள போயிட்டு. அதுக்கு ஒரு விசாரணையா?" என்றார். பேசும்போது இடது காதை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுத்தார். வலிக்கிறதா என்றேன். "அடைச்சிருக்கு. விடியதுக்குள்ள தொறந்துரும்."

நாலைந்து நாளாகவே அவருக்குச் சளி. சளியோடு கடலுக்குள் இறங்கக் கூடாது என்று வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். கடையில் வகுப்பும் முன்பதிவும் சமையலும் என் பொறுப்பு, கடல் அவர் பொறுப்பு. கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வாங்கிய நான் என்ன சொல்லிவிட முடியும்?

தண்ணீருக்குள் மூச்சு விட வாயில் கவ்வும் ரெகுலேட்டர்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். காயவில்லை.

நவம்பர் 25

காது திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. குளியலறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. ஆழத்தில் காதடைப்பு எடுக்க எல்லாரும் செய்வதுதான். அதைக் கரையில் நின்றுகொண்டு ஏன் இத்தனை முறை செய்ய வேண்டும்?

மத்தியானக் கப்பலில் திருப்பூர் நாச்சிமுத்து அண்ணனும் மகள் இலக்கியாவும் வந்து இறங்கினார்கள். போன வருடம் எங்களிடமே கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கியவர்கள். அண்ணனுக்குப் பனியன் கம்பெனி. கப்பல்துறையிலேயே வானத்தைப் பார்த்துப் பேரம் தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க மேடம், நாளைக்கு ஒரே ஒரு டைவ் போட்டுரலாமுங்களா? இந்த மேகமெல்லாம் சும்மா சீன் போடுதுங்க."

"அப்பா, அது உங்க கம்பெனி சூப்பர்வைசர் இல்ல, மிரட்டினா அடங்கறதுக்கு" என்றாள் இலக்கியா.

"நீ சும்மா இரு அம்மிணி. நம்ம ஊர்ல பாக்காத மழையா."

கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் எந்தப் பக்கம் நடந்தாலும் இவர் இரண்டு எட்டில் இடம் மாறி என் இடது பக்கம் வந்துவிடுகிறார். "என்னங்க, ஆட்டம் காட்டுதீங்க?" என்றேன். சேறாகக் கிடக்கிறதாம். அந்தப் பக்கமும் சேறுதான்.

நவம்பர் 26

துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். காலைக் கப்பல்தான் கடைசி. இனி மறு உத்தரவு வரும்வரை கப்பலும் கிடையாது, டைவ் போட்டுகளும் கடலில் இறங்கக் கூடாது.

கடைசிக் கப்பலைப் பிடிக்க கப்பல்துறையில் ஒரே தள்ளுமுள்ளு. பெங்களூர்க்காரர்கள் ஏறிவிட்டார்கள். நாச்சிமுத்து அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "இத்தனை தூரம் வந்துட்டு கால நனைக்காம போறதுங்களா? புயல் ரெண்டு நாள் நிக்கும். நான் மூணு நாள் நிப்பேனுங்க."

இந்த வாரத்து முன்பதிவுகள் எல்லாம் போயின. ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் திட்டினார். கடலை நானா கலக்கினேன்? இந்தத் தொழிலில் இதுதான் கஷ்டம். மாதக்கணக்கில் ஆசையாகக் காத்திருப்பார்கள், வந்த அன்று கூண்டு ஏறும்.

இவர், சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். "சீசன் பூராவும் இப்படியே போயிரும் போல இருக்கு, கோமு." ஆமாம், பெரிய நஷ்டம் என்றேன்.

வீட்டில் சேமியா இருந்தது. பாயசம் வைத்தேன்.

"இன்னைக்கு இன்னா விசேஷம்கா?" என்றாள் தாட்சாயணி.

ஒன்றுமில்லை, பால் கெட்டுவிடும் போலிருந்தது.

நவம்பர் 27

மழை. கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து பக்கத்து வாழைத் தோப்பில் போய் விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

நவம்பர் 28

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் கொஞ்ச நேரம் கம்ப்ரசரை ஓட்டினோம், சும்மா கிடந்தால் துரு ஏறிவிடும் என்று. அது ஓடும்போது எங்கோ காற்றுக் கசிகிற சத்தம், சர்ப்பம் சீறுகிற மாதிரி. நான் சமையலறையிலிருந்தே கேட்டு ஓடிவந்தேன். இவர் கம்ப்ரசருக்கு ஒரு முழ தூரத்தில் இடது காது அதன் பக்கமாக உட்கார்ந்து மாஸ்க் வார் மாற்றிக்கொண்டிருந்தார். ரோட்டில் போகிற ஸ்கூட்டரின் பெல்ட் தேய்ந்திருப்பதைச் சத்தத்தில் சொல்லிவிடுகிற மனிதர்.

தாட்சாயணி வந்து வால்வை மூடினாள். இவர் தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தார். "மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு" என்றார். அந்நேரம் மழை விட்டிருந்தது.

துணி துவைக்கும்போது அவர் கால்சட்டைப் பையில் மூக்கடைப்பு மாத்திரை அட்டை இருந்தது. பாதிக்கு மேல் காலி. மாத்திரையைப் போட்டு அடைப்பை அடக்கிக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே அதன் வேகம் தீர்ந்துவிடும், பிறகு காதுக்குள் மாட்டிய காற்றுக்கு வெளியே வர வழியிருக்காது. இதுவும் நான் நடத்துகிற பாடத்தில் உண்டு. அட்டையைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். ஈரமாகிவிடக் கூடாதே என்று கால்சட்டையைத் துவைக்கவில்லை.

நவம்பர் 29

மத்தியானம் துறைமுகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். கூண்டு நாளை இறங்கலாம் என்றார்கள். வந்து இவரிடம் நாளை மறுநாள் என்றேன். எப்போதும் ஒரு நாள் கூட வைத்துச் சொல்வதுதான் நல்லது. ஏமாற்றம் குறையும்.

நாச்சிமுத்து அண்ணனும் இலக்கியாவும் அறையில் அடைந்துகிடக்க முடியாமல் கடைக்கு வந்துவிடுகிறார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் பழைய பாடத்தைப் புரட்டலாம் என்று வகுப்பெடுத்தேன். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், காதுக்குள் இருக்கும் சின்ன ஜன்னல் போன்ற சவ்வு கிழிந்தால் தலை சுற்றும், தண்ணீருக்குள் எது மேல் எது கீழ் என்றே தெரியாது, அந்த நிலையில் ஒருவர் மறுபடி இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை, கூட வருகிறவர்களுக்கும் ஆபத்து. படம் வரைந்து விளக்கினேன்.

"மேடம், காதுப் பாடம் நேத்தும் எடுத்தீங்க" என்றாள் இலக்கியா.

"முந்தாநாளும் எடுத்தாங்க அம்மிணி" என்றார் அவள் அப்பா. "எனக்கு இப்ப காது டாக்டர் கிளினிக்கே வச்சிரலாமுங்க. மீனைப் பத்தி எதாச்சும் சொல்லுங்க மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். இவர் மூலையில் உட்கார்ந்து, காலில் மாட்டும் ஃபின்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பிறகு தாட்சாயணி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேராவே கேக்கறேன். சாருக்கு லெஃப்ட்டு காது கேக்குதா?"

"சளிதான். போயிரும்."

"அந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா திரும்ப மாட்றாரு. நான் டெஸ்ட்டே பண்ணிட்டேன். 'சார், சம்பளத்த டபுளாக்குங்க'ன்னு சொன்னேன். ஒரு ரியாக்சன் இல்ல."

"அதுக்கு எந்தப் பக்கம் நின்னு கேட்டாலும் இதே ரியாக்சன்தான்."

அவள் சிரிக்கவில்லை. "கூண்டு இறங்கினா இவரு தண்ணில இறங்கிடுவாருக்கா. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்றேன். அதற்குள் மழை மறுபடி வலுத்தது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

நவம்பர் 30

நேற்று நான் சொன்னதுதான் பலித்தது. புயல் திசை மாறித் திரும்பியிருக்கிறதாம், கூண்டு இறங்கவில்லை. இவர் வீட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். நேராக நடக்கிறாரா என்று வாசலில் நின்று பார்த்தேன். வேலியோரமாகக் கையை வைத்துக்கொண்டே போகிறார்.

சிறிது நேரம் செல்போன் கோபுரம் உயிர்பெற்றது. கப்பல் விவரம் கேட்கலாம் என்று போர்ட் பிளேருக்குப் பேசினேன். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போட்டு, காது மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னேன். மதுரைக்காரர், நிதானமாகப் பேசினார். தெரிந்தவர் ஒருவருக்கு என்று ஆரம்பித்தேன். எப்போது நடந்தது, வாந்தி உண்டா, நடை தள்ளாடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு உள்காதுல அடிபட்டிருக்கும்மா. மூக்கப் பிடிச்சு ஊதறாரா?"

தெரிந்தவர் என்றுதானே சொன்னேன்.

"தினமும் ஊதறார்" என்றேன்.

"மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க. ஊத ஊதக் கிழிசல் பெருசாகும். தலைய உயர்த்தி வச்சுப் படுக்கட்டும். கனமா எதையும் தூக்க வேணாம். தண்ணியில இறங்கறது... அது நினைப்புலயே வேணாம். எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

"கப்பல் இல்லையே டாக்டர்."

"அடிபட்ட மறுநாள் கப்பல் இருந்துச்சே?"

இருந்தது. அதற்கு மறுநாள் காலையிலும் இருந்தது.

"சரி, விடுங்க. ஆரம்பத்துலயே மருந்து குடுத்தா கேட்கிற சக்தி ஓரளவு திரும்பும். தள்ளிப் போகப் போகக் கஷ்டம். மொதக் கப்பல்ல கூட்டிட்டு வந்துருங்க."

இணைப்பு அறுந்துவிட்டது. பாயசம் வைத்த பாத்திரம் இன்னும் தேய்க்காமல் கிடந்தது. ஊறவைத்துத் தேய்த்தேன். அடியில் பிடித்தது போகவே இல்லை.

இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னேன், இருமல் குறையும் என்று. ஊத வேண்டாம், மூக்கில் ரத்தம் வரும் என்றேன். "நீ எப்ப டாக்டரான?" என்றார். ஆனால் இன்று ஊதவில்லை.

டிசம்பர் 1

காற்று அடங்கவில்லை. சனியன் பிடித்த புயல்.

டிசம்பர் 2

விடிந்ததும் வெயில். மரங்களெல்லாம் இலையில்லாமல் குளித்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றன. துறைமுகத்தில் கூண்டு இறங்கிவிட்டது. நாளை காலை முதல் போட்டுகள் போகலாம். நாளை மதியம் முதல் கப்பல், தேங்கிக்கிடக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு முதலிடம். நான் கப்பல்துறையில் வரிசையில் நின்று, மருத்துவக் காரணம் என்று சொல்லி, இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சரியான நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் வருவதற்குள் அவர் நாச்சிமுத்து அண்ணனிடம் நாளைக் காலை டைவ் என்று சொல்லியிருந்தார். அண்ணன் நாளை மறுநாள் விமானம் ஏறுவதால் ஒரு டைவ்தான், அதுவும் சீக்கிரமே. கடலுக்குள் இருந்து வந்த உடம்பு ஒரு நாளாவது தரையில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

"தாட்சாயணி கூட்டிட்டுப் போகட்டுமே" என்றேன்.

"புயல் முடிஞ்ச மறுநாத் தண்ணி. கீழ என்ன பெயர்ந்து கெடக்கோ, எந்தப் பக்கம் இழுக்கோ. ரெண்டு பேர அவ கையில விட்டுட்டு நான் கரையில பேப்பர் படிக்கவா?"

"உங்களுக்குச் சளி."

"சளி போயாச்சு."

"காது?"

சட்டென்று திரும்பினார். "காதுக்கு என்னளா? நல்லாத்தான கேக்கு. நீ பேசுதது பூராவும் கேக்கு. வேணாம்னாலும் கேக்கு." பிறகு, தணிந்த குரலில், "கீழ போனாச் சரியாயிரும் கோமு. கரையில இருக்கதாலதான் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. அந்த அழுத்தத்துல பட்டுனு தொறந்துக்கிடும். எத்தன தடவ பாத்திருக்கேன்" என்றார்.

அவர் நிஜமாகவே அப்படி நம்புகிறார். கடலால் வந்ததைக் கடலே எடுத்துக்கொள்ளும் என்று. முக்குளிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றாது.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கிழிசல், மருந்து, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டார். "போன்ல பாத்து வைத்தியம் சொல்லுதாரோ? டைவ் முடிச்சிட்டு வந்து போவோம். ஒரு டைவ். இந்த சீசன்ல ஒண்ணாவது போக வேண்டாமா? நான் போகலைன்னா இந்தத் தீவு பூராவும் என்ன பேசும்?" அதற்குமேல் பேச விடவில்லை.

"அப்ப நானும் வாரேன்" என்றேன்.

"நீயா? நீ இறங்கி வருசக்கணக்காச்சு."

"தாட்சாயணிகூட அப்பாவும் பொண்ணும். உங்களுக்கு ஜோடி வேண்டாமா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில், அவருக்கு விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போவார். அலமாரியின் அடியிலிருந்து என் பழைய மாஸ்க்கைத் தேடி எடுத்து, பற்பசை போட்டுக் கண்ணாடியைத் துலக்கி, வாரை என் தலைக்குச் சரிபார்த்து, "முடி கொஞ்சம் கொறஞ்சிட்டு போல" என்றார்.

எனக்கும் கடலைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 3

கப்பலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் போட்டில் நாங்கள் ஐந்து பேர், பிறகு படகோட்டி பிமல். அவர் தீவிலேயே பிறந்த வங்காளி, தேவைக்கு மேல் பேசாதவர். கடல் பச்சையாக, களைத்துப்போய்க் கிடந்தது. தென்னை மட்டைகள், ஒற்றைச் செருப்புகள், யாருடைய வீட்டுத் தகரமோ, எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. பாறைத் திட்டுக்கு வந்ததும் தாட்சாயணி ஏணியைப் பிடித்தபடியே மாஸ்க்கோடு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள்.

"பத்து மீட்டர் வரைக்கும் நல்லா தெரியுது சார். இழுப்பும் கம்மி. அதுக்குக் கீழ கலங்கல்."

இவர் எழுந்து நின்று வழக்கமான பேச்சைத் தொடங்கினார். ஒரு கையால் போட்டின் கம்பத்தைப் பிடித்திருந்தார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இருந்தாலும் இவர் சொல்லும்போது கேட்கப் பிடிக்கும்.

"எங்க கடைச் சட்டம் ஒண்ணுதான். யாரும் ஒத்தையா இறங்கக் கூடாது, நான் உட்பட. ஜோடியில ஒருத்தர் வேண்டாம்னா அடுத்தவரும் இறங்கக் கூடாது. அது கரையிலயோ, போட்டுலயோ, கீழ போன பெறவோ, எப்ப வேணும்னாலும் சொல்லலாம். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. போட்டுலயும் கேக்கக் கூடாது, பெறவு டீ குடிக்கையிலயும் கேக்கக் கூடாது. ஏன்னா, காரணம் சொல்லணும்னா பாதிப் பேரு வெக்கப்பட்டுக்கிட்டே இறங்கிச் செத்துருவான்."

எல்லாரும் சிலிண்டரை மாட்டினோம். என் வார்களை அவரே இறுக்கிவிட்டார்.  போட்டின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாஸ்க்கை இறக்கினார். கையால், தயாரா என்று கேட்டார்.

நான் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"நான் வரலைங்க" என்றேன்.

முதலில் காதில் விழவில்லை என்று நினைத்தேன். நான் அவருடைய வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். விழுந்திருந்தது. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

"ஏனுங்க மேடம், நல்லா வெயிலடிக்குதுங்களே! என்னாச்சுங்க?" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"அப்பா!" என்று அதட்டினாள் இலக்கியா.

 அலை போட்டின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தையில் என்னை ஒதுக்கிவிட்டு இறங்கியிருக்கலாம். அவருடைய கடை, அவருடைய போட்டு, அவருடைய சட்டம். தண்ணீரைப் பார்த்தார். 

பிறகு மாஸ்க்கை மேலே தள்ளினார்.

"கேக்கக் கூடாதுன்னு இப்பதான சொன்னேன் அண்ணாச்சி?" என்றார். "தாட்சா, நீ ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ. பத்து மீட்டர். அதுக்குக் கீழ ஒரு அடி போனேன்னு தெரிஞ்சா நாளையிலேருந்து சமையக்கட்டுல வேல."

"அக்கா சமையல் சாப்ட்டுட்டு என் சமையல் சாப்ட முடியாது சார் உங்களால" என்றாள் தாட்சாயணி.  மூவரும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள்.

குமிழிகள் வரத் தொடங்கின. அவர் கண் அந்தக் குமிழிகளை விட்டு அகலவில்லை. எந்தக் கொத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். பிமல் முன்பக்கம் போய்ப் பீடி பற்றவைத்தார். என் முதுகில் சிலிண்டர் கனத்தது. கழற்றவும் தோன்றவில்லை.

"நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார் கடைசியில்.

"கேக்காதீங்க."

"மாஸ்க்கெல்லாம் தேச்சுக் குடுத்தேனே உனக்கு."

நான் மடியிலிருந்த மாஸ்க்கின் வாரைச் சுருட்டி வைத்தேன். 

குமிழிகள் நகர்ந்தன. அவர் அவற்றோடு உடம்பைத் திருப்பினார். திரும்பியபோது போட்டு லேசாக ஆட, அவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"இடது பக்கம் ஒண்ணுமே கேக்கல கோமு" என்றார். "அன்னைக்கு அந்தப் பிள்ளையப் பிடிக்கப் போகையிலயே, வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். அதுதான் கடைசி. அதுக்குப் பெறவு உள்ளுக்குள்ள விசில் மட்டும் அடிச்சுக்கிட்டே கெடக்கு, நிக்கவே மாட்டேங்கு."

"மத்தியானக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்."

"எப்ப எடுத்த?"

"நேத்து."

"அப்ப நேத்தே முடிவு பண்ணிட்டியா?" என்றவர், உடனே, "சரி, சரி. கேக்கக் கூடாது" என்றார்.

மூவரும் ஏறிவந்ததும் ஒரே ஆரவாரம். மேசை மாதிரி விரிந்த பெரிய பவளத்திட்டு ஒன்று புயலில் புரண்டு கவிழ்ந்து கிடந்ததாம், அதன் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்ததாம், அதற்குள் அதன் மேல் சின்ன மீன்கள் குடிவந்துவிட்டனவாம். நாச்சிமுத்து அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் எந்த இடம், எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டார்.

டிசம்பர் 5, போர்ட் பிளேர்

டாக்டர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். தாழ்ந்த சத்தங்கள் கொஞ்சம் திரும்பலாம், மருந்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உயர்ந்த சத்தங்கள் திரும்புவது சந்தேகம். நடை சரியாகிவிடும். கடலுக்குள் இனி எப்போதும் இறங்கக் கூடாது. இவர் "சரி டாக்டர்" என்றார். வெளியே வந்து, கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போவதைத் தாட்சாயணி பார்த்துக்கொள்வாள், போட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கூண்டு ஏறிய அன்று ஏன் பாயசம் வைத்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நான் எழுத நினைத்தது இதையல்ல.

டாக்டரைப் பார்க்கும் முன் கேட்கும் சக்திக்குப் பரிசோதனை இருந்தது. ஆட்டோவில் போகும்போது நல்ல உற்சாகத்தில் இருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

"நேவில வருசா வருசம் இது உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒருத்தர் குமிழத் திருகுவாரு. சத்தம் அனுப்பும்போதெல்லாம் அவரு தோளு லேசா அசையும். அதப் பாத்துக் கையத் தூக்கினாப் போதும். செவிட்டு மாலுமியெல்லாம் பாஸ் ஆகியிருக்கான், தெரியுமா?"

"நீங்க?"

"எனக்கு அப்ப அது தேவைப்படல."

ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு போன்ற ஏதோ ஒன்று. அவரை உள்ளே உட்காரவைத்து, காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்கள். வெளியே ஒரு பெண், கருவியின் முன்னால். நான் அவளுக்குப் பின்னால் பெஞ்சில். நடுவில் கண்ணாடி. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

வலது காதுக்குக் கை உடனுக்குடன் எழுந்தது, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி. அந்தப் பெண் பொத்தானை இடது காதுக்கு மாற்றினாள். குமிழைத் திருகினாள். அவர் சொன்னது நிஜம்தான். ஒவ்வொரு முறையும் அவளுடைய வலது தோள் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. கண் திறந்திருந்தால் எதிரே இருப்பவருக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். தோள் உயர்ந்தது. அவர் கை முழங்காலிலேயே இருந்தது. மறுபடி உயர்ந்தது. கை அசையவில்லை. அவள் இன்னும் திருகினாள். கண்ணாடியைத் தட்டிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் இருந்தது.

தோள் உயர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.